ரோஸி ஆன்ட்டிக்காக ஒரு மன்றாட்டு

நடந்தவை, வரிசைப்படி:

1. மேல்வீட்டு ரோஸி ஆன்ட்டி தன் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அது வழிந்து, எங்கள் கொடியில் காய்ந்த என் குர்தாவில் செம்மண் கோலம் போட்டது.
2. இது அடிக்கடி நடந்தது.
3. நான் ரோஸி ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. கடவுளிடம் சொன்னேன்.
4. சத்தமாகச் சொன்னேன். அப்போது ரோஸி ஆன்ட்டி எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தார்.

கடைசி இரண்டுக்கும் விளக்கம் தேவை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கோயில் மணி கேட்கும் தூரத்தில். (கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். ஆட்டோக்காரரிடம் மட்டும் ‘சர்ச்’ என்போம். இல்லாவிட்டால் தெப்பக்குளத்தில் இறக்கிவிடுவார்.) நான் மென்பொருள் சோதிப்பவள். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் குறையை யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிப் பழக்கமில்லை. பதிவு செய்துவிட்டால் போதும், சம்பந்தப்பட்டவர் சரிசெய்துவிடுவார். போதாக்குறைக்கு, நல்ல கிறிஸ்தவப் பெண் சண்டை போடமாட்டாள், சகித்துக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு. (சகித்துக்கொள்வது மேல்வீட்டுக்குத் தெரிய வேண்டுமே என்று பால்கனிக் கதவை மட்டும் ஓங்கிச் சாத்துவாள்.)

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அன்பியம் என்றால் எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதமொருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. அதில் ஒவ்வொருவரும் மனத்தில் பட்டதை மன்றாட்டாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மற்றவர்கள், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பார்கள். என்ன மன்றாட்டு என்று யாரும் கவனிப்பதில்லை. குரல் இறங்கினால் பதில் தானாக வரும்.

என் முறை வந்தது. அன்று காலைதான் வெள்ளை குர்தா ஒன்று பாழாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆண்டவரே, காலை வேளைகளில் மேல்மாடியிலிருந்து செம்மண் நீர் வழிந்து, கீழே காயும் துணிகள் பாழாகின்றன. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்தால் இது தீரும். அந்த நல்லெண்ணத்தை அங்கே வசிப்பவர்களுக்குத் தந்தருள உம்மை மன்றாடுகிறோம்.”

(எப்போது, எங்கே, பாதிப்பு, தீர்வு. அலுவலகத்தில்கூட இவ்வளவு கச்சிதமாக எழுதியதில்லை.)

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் ரோஸி ஆன்ட்டி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு மேலே இருப்பது அவர் வீடு மட்டும்தான்.

அடுத்து அப்பாவின் முறை. நோயாளிகளுக்காக ஜெபிக்க வாயைத் திறந்தார். ரோஸி ஆன்ட்டி முந்திக்கொண்டார்.

“ஆண்டவரே, இந்தக் கட்டடத்தில் வாழும் படித்த பிள்ளைகளுக்காக உம்மை மன்றாடுகிறோம். இங்க படிக்கட்டுன்னு ஒண்ணு கீது, அதுல ஏறி வந்தா கதவு கீது, தட்டுனா தொறப்பாங்கன்னு அதுங்களுக்குப் புத்தியக் குடும்!”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” இந்த முறை அன்பியம் முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டு, மிகுந்த ஈடுபாட்டோடு சொன்னது.

நான் அதோடு விட்டிருக்கலாம்.

“ஆண்டவரே, தங்கள் தவற்றைச் சுட்டிக்காட்டும்போது கோபப்படுகிறவர்களுக்காக...”

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மன்றாட்டு பாதியில் நின்றது. உடனே அம்மா, முறையெல்லாம் பார்க்காமல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். பிறர் குற்றத்தை மன்னிப்பதைப் பற்றிய வரி வந்தபோது என் குரலும் ரோஸி ஆன்ட்டியின் குரலும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் சுண்டலும் டீயும் வந்தன. “வேணாம் மேரி, வீட்ல அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரோஸி ஆன்ட்டி எழுந்து போய்விட்டார். இரண்டு மணி நேரமாக எந்தப் பாலும் அடுப்பில் இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

விஷயம் குர்தாவோடு முடியவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கல். காலைப் பூசைக்கு இருட்டில் சாலையைக் கடக்கும்போது ரோஸி ஆன்ட்டியின் கையைத்தான் பிடித்துக்கொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். மறுநாள் காலை அம்மா தலைக்கு முக்காடு போட்டுக் கீழே இறங்கியவர், கேட் வரை போய்த் திரும்பி வந்தார்.

“என்னம்மா, பூசைக்குப் போகல?”

“அவ போயிட்டா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மாடி ஏறினேன். மன்னிப்பு, விளக்கம், மாற்று ஏற்பாடு என்று சொல்ல வேண்டியதை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு ரோஸி ஆன்ட்டி பூசையிலிருந்து திரும்பும்வரை பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். மூச்சு வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார்.

“இன்னாடி, இங்கயும் ஜெபமா?”

வரிசை மறந்துபோனது. “சாரி ஆன்ட்டி. என்மேல கோவப்படுங்க. அம்மாவ விட்டுட்டுப் போகாதீங்க.”

“தண்ணி கீழ வழியுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி. நீ சாமிகிட்ட சொன்ன. சாமி எங்கிட்ட சொல்லல.”

“பால்கனிக் கதவ...” என்று இழுத்தேன்.

“கதவ அந்த அறை அறைஞ்சியே, நான் காத்துன்னு நெனச்சேன். ஒங்கப்பங்கிட்ட சொல்லி ஒரு கொக்கி போடச் சொல்லணும்னு இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருக்குச் சிரிப்பு மட்டும் வந்தது. சிரித்து முடித்துவிட்டு, “மேரி இன்னா பண்றா? நேத்து சுண்டல் மிச்சம் கீதா?” என்று கேட்டுக்கொண்டே எனக்கு முன்னால் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேரடியாகக் கேட்பதில்லை. காபியில் சர்க்கரை குறைந்தால் அப்பா கைகூப்பி, “ஆண்டவரே, இந்த வீட்டில் காபி கலக்குகிறவர்களுக்காக...” என்று ஆரம்பிப்பார். சமையலறையிலிருந்து அம்மா கேட்டருளச் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். (மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பிறகு தகவல் இல்லை.)

இப்போதைய நிலவரம்: அம்மாவும் ரோஸி ஆன்ட்டியும் காலைப் பூசைக்குச் சேர்ந்து போகிறார்கள். அன்பியத்தில் எனக்கு மன்றாட்டு கிடையாது, அச்சில் உள்ளதை அப்படியே படிக்கும் பைபிள் வாசகம் மட்டும்தான் தருகிறார்கள்.