நசுங்காத எலுமிச்சம்பழம்

இப்போதெல்லாம் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் ஆளைக் கூப்பிட்டுவிடுகிறேன். ஃபேன் நின்றால் எலக்ட்ரீசியன் வரும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "படிச்ச பொண்ணு, ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா?" என்கிறார்கள். முடுக்கத் தெரியும். முடுக்கியதால்தான் இந்த நிலைமை.

அப்பா கருக்களாச்சேரியில் மீன் எடுத்து, சைக்கிளில் குரும்பகரம் வரை கொண்டுபோய் விற்பவர். முழங்கால் தேய்ந்து, தைலம் தேய்க்காமல் படுக்க முடியாத நிலை. மொபெட் வாங்கலாம் என்றால், "பெட்ரோல் வண்டிய நான் தொடமாட்டேன்" என்பார். நான் அப்போதுதான் ஓர் ஆபீசில் கணக்கு எழுத ஆரம்பித்திருந்தேன். (கணக்கு தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயசு.) பழைய சைக்கிளை பேட்டரி வண்டியாக்கலாம் என்று போனில் ஒரு வீடியோ. மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே வருகிறது. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும். வீடியோவில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே மாட்டினான்.

புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது. வியாபாரம் மந்தமானதும் சைக்கிள் என் கைக்கு வந்தது. கடல்காற்று குடித்த சைக்கிள். ஒரு நட்டும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆபீசில் என் பக்கத்து சீட்காரி மூக்கைப் பொத்திக்கொண்டே வேலை பார்த்தாள்.

கடைசியாக மோட்டார் சக்கரத்தை மாட்டி, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, கைப்பிடியில் இருந்த ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். சக்கரத்தின் மேல்பக்கம் முன்னால் பார்த்து விர்ரென்று ஓடியது.

"முன்னால ஓடுது பாருங்கப்பா!"

அப்பா பார்த்தார். பெருமையாகத் தலையாட்டினார்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறுதான் அவருக்குத் தீபாவளி. ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் எல்லாம் வாசலில் சட்டியோடு நிற்பார்கள். அன்றைக்கே வெள்ளோட்டம் என்றேன். பெட்டி நிறைய சங்கரா மீனும் ஐஸும் ஏற்றியாயிற்று. அம்மா மாலை போட்டு, சூடம் காட்டி, முன்சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். "நானே நசுக்கிக் குடுக்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்து முறுக்கினேன்.

வண்டி பின்னால் போனது.

பதறிப்போய் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். (பிடித்தால் இன்னும் முறுக்கிக்கொள்ளும் என்று வீடியோவில் சொல்லவில்லை.) பெடல் பின்பக்கமாகச் சுழன்று காலைப் பதம் பார்த்தது. பக்கத்து வீட்டு செல்வி அக்கா காயப் போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டின் மேல் நான், என் மேல் ஐஸ், சுற்றிலும் சங்கரா.

"எலுமிச்சம்பழத்தப் பாத்து பயந்து ஓடுது புள்ள ஒங்க வண்டி!" என்று சிரித்த செல்வி அக்கா, கருவாட்டைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தார்.

அப்பா மீனைப் பொறுக்கி, மண் போகக் கழுவி, பெட்டியில் அடுக்கினார். "சுவிட்ச அமத்திடும்மா. நான் மிதிச்சிக்கிட்டே போறேன். ஜனங்க காத்திருக்கும்."

மோட்டார் கனம், பேட்டரி கனம், மீன் கனம். எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். காலைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அந்தக் காலிலேயே பாரத்தை ஏற்றிவிட்டேன். வீட்டுக்குள் போய் அழுதேன். அவர் போய்ச் சேர்வதற்குள் மொபெட்டில் மீன் கொண்டுவரும் இன்னொருவர் விற்று முடித்திருந்தார். பாதிப் பெட்டி அப்படியே திரும்பியது. மறுநாளும் எங்கள் வீட்டில் சங்கரா குழம்புதான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் புரிந்தது. கவிழ்த்த சைக்கிளில் மேலே இருப்பது நிமிர்த்தினால் தரையைத் தொடும் பக்கம். அது முன்னால் ஓடினால் வண்டி பின்னால்தான் போகும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினேன், வேலை முடிந்தது. அதன்பிறகு அப்பா வலியில்லாமல் போய்வந்தார். ஆனால் நான் பரீட்சை எழுதினாலும் சரி, பெண் பார்க்க வந்துவிட்டுப் போனாலும் சரி, வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பழம் நசுங்குச்சா?"

போன மாதம் உப்புக்காற்றில் அந்த மோட்டார் உயிரை விட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"வாங்கும்மா. இந்தத் தடவ கடையிலயே மாட்டிக்கிறேன். நீ பழம் மட்டும் வாங்கியா, போதும்."