வெள்ளிமலைக்கு வந்த விசாரணை

"பொண்ணைப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சிக்கினு போலாம்னு வந்தேனுங்க" என்றார் வந்தவர்.

கரியன் துண்டை உதறித் தோளில் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் கேட்டு வருகிறவர்கள் முதல் நாளே காரியத்தை உடைத்துச் சொல்வதில்லை. மரியாதை தெரிந்த மனிதர்தான்.

"கேளுங்க. எங்க வூட்ல பொய்யே கெடையாது."

"பொண்ணு மெட்ராஸ்ல வக்கீலாமே?"

"ரெண்டு மாசமாச்சி. பெரிய கம்பெனிங்களுக்கு ஒப்பந்தம் எழுதற ஆபீஸ். இப்ப பயிற்சியில இருக்குது. கோர்ட்டுக்கே போவ வேணாமாம். நான் தைச்சிக் குடுத்த கருப்புக் கோட்டு பொட்டியிலயே கெடக்குது."

"வேலையில நெலைச்சி இருக்குமா?"

கரியன் சிரித்தார். "கல்யாணமான மறுநாளே வுட்டுடும்."

"எதிர்த்துப் பேசுமா?"

"வக்கீலுக்குப் படிச்சிதே தவிர, எங்க சுபலட்சுமி வாயே தொறக்காது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமலே கையெழுத்துப் போடும். அவ்ளோ அடக்கம்!"

வந்தவர் சாமைச் சோற்றைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்க வெள்ளிமலைக்கு நடந்தார்.

கரியன் பள்ளிக்கூட மேட்டில் ஏறினார். அந்த ஊரில் அங்கேதான் செல்போன் எடுக்கும். நடந்ததை மகளிடம் பெருமையாகச் சொன்னார்.

"அப்பா, அவரு எங்க ஆபீஸ் அனுப்பின ஆளு. வேலைய நிரந்தரம் பண்றதுக்கு முன்னால வூட்ல வந்து விசாரிப்பாங்க."

"ஐயையோ!"

"படிக்காம கையெழுத்துப் போடும்னா சொன்ன? படிக்கிறதுதாம்ப்பா என் வேலையே! அவரு பஸ் ஏறதுக்குள்ள ஓடிப் போயி மாத்திச் சொல்லு."

அந்த ஊரிலிருந்து வக்கீலாகப் போன முதல் பெண் அவள். அந்தப் பெருமையைத் தகப்பன் வாயே கெடுப்பதா? கரியன், எதிரே வந்த, வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றும் அஜித்குமாரின் ஜீப்பை மறித்து ஏறினார்.

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் அந்த மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அஜித்குமார் வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

"நான் சொன்னது அத்தனையும் பொய்யிங்க!" என்றார் கரியன்.

வந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க பொண்ணு படு வாயாடி. நூறு கேள்வி கேக்காம ஒரு காகிதத்துல கை வெக்காது."

"அப்படிங்களா..."

அவர் முகம் வாடியதைக் கண்டு கரியன் இன்னும் அழுத்தினார். "ராத்திரி பகல்னு இல்ல, எந்நேரமும் ஆபீஸ்தான். சோறு ஆக்கவே தெரியாது. கல்யாணப் பேச்சை எடுத்தா, எடுத்தவங்க மேல கேஸ் போட்டுடும்!"

"போதுங்க" என்று எழுந்தார் அவர். "எங்களுக்கு ஒத்து வராது."

"இன்னும் கேளுங்க!" அவர் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே கரியன் ஓடினார். "பொங்கலுக்குக்கூட வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்காதுங்க!"

பஸ் போய்விட்டது. வெள்ளிமலையில் செல்போன் எடுத்தது; அங்கிருந்தே மகளை அழைத்தார்.

"ஒத்து வராதுன்னுட்டாரும்மா. குடும்ப மானத்தையே கெடுத்துட்டேன்."

"ஒத்து வராதுன்னு அவரு வாயாலயே சொன்னாரா?"

"ஆமாம்மா."

"கவலப்படாதப்பா. ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்."

சற்று நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள். "வேலைக்கு ஒண்ணும் ஆவலப்பா. நிம்மதியா வூட்டுக்குப் போ."

கரியனின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. துண்டை உதறிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். "பாத்தியாடா, கம்பெனியையே பேசி மடக்கிடுச்சி எம் பொண்ணு!"

அஜித்குமார் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். "இன்னா மாமா கம்பெனி? அவரு மாப்ளையோட பெரியப்பா. காலையில ஏத்திக்கினு வரும்போதே சுபாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேனே!"