எருமை எழுந்தால் பனி விடும்

ஊரில் வழங்கும் சாஸ்திரங்கள் எல்லாம் பெரியவர்கள் ஆயிரம் முறை பார்த்து, யோசித்துச் சொன்னவை என்று நீங்கள் நம்பினால் தாராளமாக நம்பிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வழங்கும் ஒரு சாஸ்திரம் எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அது என் தூக்கத்தில் பிறந்தது.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஆரணிக்கு, பட்டு நெய்யும் குடும்பத்துக்கு வந்தேன். பிறந்த வீடு கண்ணமங்கலம். நைனா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்காரர் பெண்ணுக்குப் பட்டு என்றால் உடுத்தத் தெரியும், அவ்வளவுதான். நெய்வதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி தடவி, காயவைத்துச் சுருட்ட வேண்டும் என்பதோ, வெயில் ஏறுவதற்குள் அதை முடிக்க வீட்டில் உள்ள அத்தனை பேரும் விடியற்காலையிலேயே எழ வேண்டும் என்பதோ எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் காபித் தட்டோடு அப்படியே உள்ளே திரும்பியிருப்பேன்.)

தை மாதம், நல்ல குளிர். மாமியார் வந்து எழுப்பினார்.

"விமலா, எழுந்திரும்மா. பாவு விரிக்கணும், ஜல்தி வா."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். பின்கட்டுக் கதவு வழியாக எங்கள் எருமை செல்லி தெரிந்தது. சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பொறாமையில் வாய் தானாகத் திறந்தது.

"அத்தே, இன்னைக்கு விரிக்க வேணாம். எருமை படுத்துகினு கீது பாருங்க. எங்க ஊர்ல, எருமை விடியக்காலத்துல எழுந்து நின்னாத்தான் பனி விட்டுச்சி, வெயில் காலம் வருதுன்னு சொல்லுவாங்க."

எங்கள் ஊரில் அப்படி யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எருமையே கிடையாது.

அத்தை எருமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்ப் படுத்துக்கொண்டார். (அவருக்கும் குளிரத்தானே செய்யும்?) என் போதாத காலம், அன்றைக்குப் பனி கொட்டித் தீர்த்தது. எதிர்வீட்டுக்காரர் விரித்த பாவு காயாமல் இழையோடு இழை ஒட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: கண்ணமங்கலத்து மருமகளுக்கு எருமை சாஸ்திரம் தெரியும்!

பிறகென்ன, ராஜ வாழ்க்கைதான். பாவு விரிக்க வேண்டியவர்கள் விடியற்காலையில் சந்தில் நின்று குரல் கொடுப்பார்கள்.

"இன்னாமா, எழுந்துச்சா?"

"இல்லீங்க, படுத்துகினுதான் கீது."

அவர்கள் திரும்பிப் போவார்கள். நான் புரண்டு படுப்பேன்.

நாளாக ஆக, எருமை மனசு வைக்கட்டும் என்று ஆளாளுக்கு அதற்குத் தீனி கொண்டுவர ஆரம்பித்தார்கள். களம்பூர் அரிசி மில் தவிடு என்ன, புண்ணாக்கு என்ன! செல்லி தின்றது, தின்ற மயக்கத்தில் இன்னும் நன்றாகப் படுத்தது. மாசி பிறந்தும் விடியற்காலையில் எழவில்லை.

அப்போதுதான் எனக்குப் புடவை ஞாபகம் வந்தது. மாசிக் கடைசியில் என் தங்கை மாலதிக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை எங்கள் தறியில் நெய்து தருவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அரக்குச் சிவப்புப் பாவு விரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது.

"என்னங்க, நம்ம பாவை மட்டுமாவது விரிச்சிடலாமே" என்றேன் மெதுவாக.

"உங்க ஊரு சாஸ்திரத்த நீயே மீறலாமா?" என்றார் அவர். "கல்யாணப் பொடவ. எருமை எழுந்துக்கட்டும்."

வேறு வழியில்லை. மறுநாள் ஊர் எழுவதற்கு முன்னால் நான் எழுந்தேன். தூங்குவதற்காகச் சாஸ்திரம் செய்தவள், அந்தச் சாஸ்திரத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு எருமையைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் வாலை முறுக்கினேன். செல்லி ஒரு சத்தம் போட்டு எழுந்து நின்றது.

"எருமை எழுந்துச்சி!" என்று நான் கத்தியதும் தெருவே கூடி வேலையில் இறங்கியது. மாலதியின் பாவுதான் முதலில். விரித்து, கஞ்சி தடவி முடிக்கவும், மூட்டமாகப் பனி இறங்கவும் சரியாக இருந்தது. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்! எதிர்வீட்டுப் பாவுக்கு ஆன கதியே இதற்கும் ஆனது. தங்கையின் புடவை என் கண்ணெதிரில் பசையாகிக் கிடந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து, புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க நைனா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஈர நூலும் கையுமாக அத்தை அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாங்க சம்பந்தி, உங்க ஊரு எருமை சாஸ்திரம் இப்படி பேஜார் பண்ணிடுச்சே!"

"எருமை சாஸ்திரமா?"

அத்தை கதையை முழுசாகச் சொன்னார். நான் பின்னால் நின்று, காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். நைனா என்னைப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் நான் எழுந்து நிற்பதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எங்க வூட்ல ஏதுங்க எருமை?" என்றார் சாவகாசமாக. "நாங்க இவளத்தான் பாப்போம். இவ விடியக்காலத்துல எழுந்துகினா பனிக்காலம் முடிஞ்சிதுன்னு அர்த்தம். கல்யாணம் ஆகுற வரைக்கும் ஒரு நாள்கூட முடியல."

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஈரப் பாவின் முன்னால் என்னை உட்காரவைத்து, "இழை இழையா பிரி" என்றார். மானம் போன பிறகு தூக்கம் போனால் என்ன? தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பிரித்தேன். பிரித்ததை இன்னொரு நாள் நல்ல வெயில் பார்த்து விரித்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் புடவை தறியிலிருந்து இறங்கியது. சொரசொரவென்றிருந்த இடத்தை மாலதி இடுப்பில் சொருகும் பக்கமாக வைத்துக் கட்டிக்கொண்டாள்.

எருமை சாஸ்திரம் அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. குளிரில் எழ மனமில்லாதவள் அந்தத் தெருவில் நான் ஒருத்தி மட்டுமா? செல்லி போய், அதன் கன்றும் போய், இன்றைக்கும் தை மாதத்தில் யாராவது ஒரு எருமையைக் காட்டிப் போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள்.

போன மாசியில் கல்லூரிப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எருமையைப் பார்த்துப் பனி போவதைச் சொல்லும் தொன்மையான வழக்கம் இங்கே இருக்கிறதாமே, அதன் தோற்றம் எது என்று கேட்டாள். என் மருமகள் உள்ளறையைக் கை காட்டினாள். நான் படுத்திருந்தேன். மணி ஒன்பது. விருந்தாளி வந்திருக்கிறாளே என்று அவசரமாக எழுந்து உட்கார்ந்தேன்.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "எழுந்துச்சி! பாவு விரிங்க!"