லிஃப்டில் மாட்டிக்கொண்ட சபதம்

பழைய காப்பியங்களிலிருந்து புறப்பட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் தூங்கிப்போய், நம் காலம் வரைக்கும் வந்துவிட்ட ஓர் இனம் உண்டு. சபதக்காரர்கள் என்று பெயர். பார்த்தால் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருப்பார்கள், வரிசையில் நிற்பார்கள், மின்கட்டணம் கட்டுவார்கள். வாயைத் திறந்தால்தான் தெரியும்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? காய்கறி வாடியிருந்தால் வேறு கடைக்குப் போவோம். சபதக்காரர் போகமாட்டார். அதே கடையில் நின்று, வலது கையை உயர்த்தி, "இனிமே எங்க வம்சத்துலயே ஒருத்தரும் இந்தக் கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டோம்!" என்று முழங்குவார். வானம் இடிக்க வேண்டும், திசைகள் நடுங்க வேண்டும். கடைக்காரரோ, "சரி சார், பை வேணுமா?" என்பார். இதுதான் இந்தக் காலத்தில் அவர்கள் படும் பாடு. தேர் கேட்ட பிறவிக்குக் கிடைத்தது பின்சக்கரம் ஆடுகிற ஸ்கூட்டர். முரசு கேட்டால் குக்கர் விசில். போர்க்களமாவது உண்டா? வண்டி நிறுத்துமிடம் உண்டு.

அப்படி ஒருவர்தான் நம் கண்ணாடிக்கடை அண்ணன். மூக்குக்கண்ணாடி விற்பவர். அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காம் மாடியில் குடியிருப்பு. ஏழாம் மாடியில் அவருடைய ஒரே தம்பி. குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்க்கிறவர். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கட்டடத்தில் வீடு வாங்கியவர்கள். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. சொத்துத் தகராறா? இல்லை. தம்பி வேறு கடையில் மூக்குக்கண்ணாடி வாங்கிவிட்டார்.

சிரிக்காதீர்கள். அண்ணன் உயிரைக் கொடுத்துக் கட்டி எழுப்பிய கடை நாலு தெரு தள்ளி இருக்க, சொந்தத் தம்பி இன்னொருவன் கடைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஊர் உறவெல்லாம் கூடியிருந்த கல்யாணத்தில் வந்து நின்றால், காவிய ரத்தம் ஓடுகிற எவருக்குத்தான் பொறுக்கும்? பந்தி நடுவில் அண்ணன் எழுந்தார். "அந்தக் கண்ணாடி உன் மூக்குல இருக்கற வரைக்கும் நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன்!" தம்பியும் அதே ரத்தம்தானே? "என் உயிர் இருக்கற வரைக்கும் என் கையால இதைக் கழட்ட மாட்டேன்!" பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.

தூங்கும்போது தம்பி என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? மனைவி கழற்றி வைப்பாள், காலையில் அவளே மாட்டியும் விடுவாள். சபதக்காரர்கள் சட்டம் தெரிந்தவர்கள்.

அண்ணனின் பாடு அதைவிடக் கஷ்டம். ஒரே கட்டடத்தில் ஒரு முகத்தைப் பார்க்காமல் வாழ்வதற்குத் தனித் திறமை வேண்டும். கதவிலிருக்கும் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்துவிட்டே வெளியே வருவார். தம்பியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தூண் மறைவுக்குப் போய், அங்கே ஏதோ தேடுவதுபோல் குனிவார். அந்தத் தூணுக்குக் கீழே அவர் என்னதான் தொலைத்தார் என்று காவலாளிக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்படியிருக்கையில் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார். திரும்பி வருவது எப்போதோ. கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, அண்ணி வாசலில் வழிமறித்தாள்.

"நாளைக்குப் போறாங்கங்க. மேல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"சொன்ன சொல் சொன்னதுதான்."

"உங்க தம்பிங்க அவரு."

"அதான் இன்னும் மோசம்!"

இந்தக் கடைசி வசனத்தை அவளைப் பார்த்தபடியே சொல்லி, கம்பீரமாகப் பின்பக்கமாகவே நடந்து லிஃப்டுக்குள் ஏறினார். கதவு மூடியது. முதுகுக்குப் பின்னால் ஒரு கனைப்பு. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக் கேட்ட கனைப்பு.

அண்ணன் திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடி சிலையாக நின்றார். லிஃப்டு இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு குலுங்கு குலுங்கி, அதுவும் சிலையானது.

உள்ளே மொத்தம் நான்கு பேர். மற்ற இருவரும்கூட அதே பழைய வண்டியில் தூங்கிப்போனவர்கள்தான். ஒருவர் காப்பீட்டு முகவர். கட்டடமே அவரைப் புலம்பல் மாமா என்று அழைக்கும். பால் பொங்கினாலும் பேரரசு கவிழ்ந்ததுபோல் அழக்கூடியவர். இன்னொருவர் தூதக்கா, ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர். இரண்டு பேருக்கு நடுவே நின்று சேதி கடத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று ஆரம்பித்தார் புலம்பல் மாமா. "ஊருக்கெல்லாம் பாலிசி போட்டுக் கொடுத்தேனே, எனக்கு ஒண்ணு போட்டுக்காம விட்டேனே!"

தம்பி மணியை அழுத்தக் கை நீட்டினார். விரல் போய் மின்விசிறிப் பொத்தானில் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரே விசிறியும் நின்றது.

கதவின் எஃகுத் தகட்டில் கலங்கலாகத் தெரிந்த உருவத்தை அண்ணன் பார்த்தார். முகமில்லை, வெறும் உருவம், சபதத்துக்குப் பாதகமில்லை. அந்த உருவம் பொத்தானைத் தேடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. பவர் பொருந்தாத கண்ணாடி போட்டவர்கள் அப்படித்தான் சாய்ப்பார்கள். அண்ணனுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார்.

"அக்கா, பின்னால நிக்கறவர் என் குதிகாலை மிதிச்சிட்டிருக்கார். எடுக்கச் சொல்லுங்க."

தூதக்காவின் முகம் மலர்ந்தது. தம்பி பக்கம் திரும்பினார். "உங்க அண்ணனுக்குக் குதிகால் வலியாம். ரொம்ப நாளா வலிக்குதாம். தம்பி வந்து என்ன ஏதுன்னு கேக்கலையேன்னு ஏங்கறாராம்."

"நான் அப்படிச் சொல்லலையே!"

"அப்படிச் சொல்லலையாம். ஆனா மனசுல இருக்காம்."

அந்த நேரம் பார்த்து விளக்கும் அணைந்தது. மை இருட்டு. புலம்பல் மாமா ஏதோ ஒரு அரச வம்சம் அழிந்ததற்கு உரிய குரலில் ஒருமுறை கதறிவிட்டு, மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். கிடைத்த அமைதியில் அண்ணன் கேட்டார்.

"அக்கா, அவருக்குத் தலைவலி உண்டான்னு கேளுங்க."

"உண்டுன்னு சொல்லுங்கக்கா."

"எப்பலேர்ந்துன்னு கேளுங்க."

"இந்தக் கண்ணாடி வாங்கின அன்னிலேர்ந்துன்னு சொல்லுங்க."

"ரெண்டு வருஷமாவாடா? மடையா! பவர் தப்புன்னு தெரிஞ்சும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியா?"

தூதக்கா தயங்கினார். "இதை நான் சொல்லணுமா, இல்ல நீங்களே சொல்லிட்டீங்களா?"

"கழட்ட மாட்டேன்னு சொல்லிட்டேனேண்ணா," என்றது இருட்டு.

"சரி, எதுக்கு அங்க போய் வாங்கித் தொலைச்ச? என் கடையில இல்லாததா?"

"உன் கடைக்கு வந்தா நீ திட்டுவ. படுத்துக்கிட்டு ஃபோன் பாக்கறே, கண்ணைக் கெடுத்துக்கறே, அப்பா மாதிரி ஆகப்போறேன்னு. கடைசியில அப்பாவுக்குக் கண்ணே தெரியாமப் போச்சே. நீ அதைச் சொல்றப்பல்லாம் எனக்கு உள்ள நடுங்கும்ணா. பார்வை மங்குதுன்னு உன்கிட்ட வந்து சொல்லத் தைரியம் வரலை."

புலம்பல் மாமாகூட வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் மூக்கை உறிஞ்சினார். அண்ணன் திரும்பி, இருட்டில் கையை நீட்டித் துழாவினார். முதலில் தூதக்காவின் கைப்பை. அப்புறம் ஒரு காது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன கண்ணாடி. இரண்டு கையாலும் பதமாகக் கழற்றினார். கடையில் குழந்தைகளுக்குக் கழற்றுவாரே, அதுபோல.

விளக்கு வந்தது.

தம்பியின் முகம். நெற்றியோரம் நரைத்திருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்திச் சிவந்த தழும்பு. தம்பி எதிரே இருப்பது யார், எது என்று தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எங்க இருக்க?"

"இங்கதான்டா இருக்கேன்."

உடனே கட்டிப் பிடித்து அழுதிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இனத்தைப் புரிந்துகொள்ளவில்லை நீங்கள். முதலில் சபதம் பிழைத்ததா என்று விசாரணை நடந்தது. "கண்ணாடி உன் மூக்குல இல்லை. அதனாலதான் முகத்தைப் பாத்தேன்." "என் கையால கழட்ட மாட்டேன்னேன். கழட்டினது உன் கை." தூதக்கா இரு தரப்பு வாதத்தையும் கேட்டு, ஒருவருக்கும் பங்கமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கட்டிப் பிடித்து அழுதார்கள். புலம்பல் மாமாவும் இடம் கண்டுபிடித்து நடுவில் புகுந்துகொண்டார்.

மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்ததும், அண்ணன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, கண் தெரியாதவரை நடுத்தெருவில் இழுத்துக்கொண்டு, தன் கடைக்கு அடுத்திருக்கும் கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் உள்ளே பரிசோதித்த நேரம் முழுக்க அண்ணன் வெளியே நின்று, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய எழுத்துகூட அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"உங்க அப்பாவுக்கு வந்தது இவருக்கு இல்லை. பவர்தான் ஏறியிருக்கு," என்றார் மருத்துவர்.

அண்ணன் கடைக்குள் போனார். அதே ஃபிரேமை வைத்துக்கொண்டு, லென்ஸை மட்டும் மாற்றி (லென்ஸ் மாறினால் அது வேறு கண்ணாடி, சபதத்துக்குப் பாதகமில்லை), கம்பியை நிமிர்த்தி, தழும்பு படாதபடி சரிசெய்து, தானே மாட்டிவிட்டார். மாட்டும்போது அரைமணி நேரம் திட்டினார். படுத்துக்கொண்டு ஃபோன் பார்ப்பது பற்றி எல்லாம் வந்தது. அப்பா மட்டும் வரவில்லை. தம்பி கடை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எல்லாம் பளிச்சுனு தெரியுதுண்ணா. உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?"

அண்ணன் திருந்திவிட்டார் என்றுதானே நினைத்தீர்கள்? மறுநாள் தம்பி வீட்டில் பெட்டிகள் கட்டி வாசலில் டாக்சி நின்றபோது, அவர் ஏழாம் மாடியில் லிஃப்டுக்கு முன்னால் நின்று வலது கையை உயர்த்தினார். "என் தம்பியை இருட்டுல போட்டு அடைச்ச இந்தப் பெட்டிக்குள்ள இனி என் கால் படாது!" சொல்லிவிட்டு, இருப்பதிலேயே கனமான பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தார். தம்பி ஒரு நொடி லிஃப்டைப் பார்த்தார், ஒரு நொடி அண்ணனைப் பார்த்தார். "இரு, நானும் வரேன்," என்று பெட்டியின் பின்முனையைத் தாங்கிக்கொண்டார். அண்ணி, தம்பி மனைவி, குழந்தைகள், தூதக்கா எல்லாரும் லிஃப்டில் சொகுசாக இறங்கி, கீழே வெகுநேரம் காத்திருந்தார்கள். நடுநடுவே படிக்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நல்லவேளை, நாமெல்லாம் இப்படியில்லை என்று மூச்சு விடுகிறீர்கள். விடுங்கள். ஆனால் உங்கள் ஃபோனில் 'எடுக்காதே' என்று பெயர் போட்டு ஓர் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறீர்களே, அது யாருடையது? அவர்களாகக் கூப்பிட்டால் பேசலாம், நாமாகக் கூப்பிடக் கூடாது என்று சமைத்துக்கொண்டே முடிவெடுத்தீர்களே, அதற்கு என்ன பெயர்? அந்த எண்ணைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அது உங்களுக்கு மனப்பாடம்.