கஜா பேராங் சந்தின் தற்காப்புக் கொள்கை

ஒரு நாடு சுதந்திரம் அடைந்தால் அதற்கு நாடாளுமன்றம் வேண்டும். மலாயா சுதந்திரம் அடைந்து, தேர்தலும் முடிந்து, கோலாலம்பூரில் நாடாளுமன்றம் கூடிய அடுத்த மாதமே, மலாக்கா கஜா பேராங்கில் இருக்கும் எங்கள் சந்துக்கும் ஒன்று தேவைப்பட்டது. ஆயர் குரோவில் வைத்துவிட்டார்கள், குருபோங் தோட்டத்தில்கூட வைத்துவிட்டார்கள், நாம் மட்டும் இளைத்தவர்களா என்று எங்கள் வாசகர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. சங்கத்தில் உறுப்பினர் இருபத்திரண்டு, புத்தகம் பதினெட்டு. புத்தகம் படிப்பதைவிட நாட்டை ஆள்வது சுலபம் என்று எல்லாருக்கும் பட்டதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ராஜரத்தினம் பிரதமரானார். கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் அவர்தான். வேறு யாரையாவது பிரதமராக்கினால் உட்கார நாற்காலி இருக்காது. தையல்காரர் மருதமுத்து எதிர்க்கட்சித் தலைவர். தற்காப்பு அமைச்சர் பதவி, தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கலியாணசுந்தரத்துக்குப் போயிற்று. ஊரில் கோட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவரே. கையெழுத்து நன்றாக இருந்ததால் கணேசமூர்த்தி ஆகிய நான் அவையின் செயலாளர். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க மண்டபத்தில் அவை கூடும்.

முதல் ஞாயிறே கேள்வி நேரத்தில் மருதமுத்து எழுந்தார்.

"நம்முடைய படையின் பலம் என்னவென்று மாண்புமிகு தற்காப்பு அமைச்சர் தெரிவிப்பாரா?"

எங்களிடம் படை என்று எதுவும் கிடையாது. ஆனால் கலியாணசுந்தரம் ஒரு வாரமாகப் பத்திரிகையை வரி விடாமல் படித்து, அமைச்சர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பழகி வைத்திருந்தார். கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"படையின் பலத்தை வெளியிடுவது பொது நலனுக்கு உகந்ததல்ல."

மேசையைத் தட்டினோம். எனக்குக்கூட உடம்பு சிலிர்த்தது.

மருதமுத்து விடவில்லை. அடுத்த வாரம் வேறு வழியாக வந்தார். "பலம் கிடக்கட்டும். படை இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது."

அவையில் பொய் சொல்வது பெருங்குற்றம். ஆகவே அமைச்சர் சொன்னது உண்மையாக வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் ஒரு படையைத் திரட்டினோம். ரப்பர் தோட்டத்துக் கித்தா கிடங்கில் காவல் பார்த்து ஓய்வுபெற்ற அப்பாசாமி தளபதி. அவருக்குக் கீழே நாலு பேர், காக்கி அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு. மூன்றாம் வாரம், அந்தப் படை எதைக் காக்கிறது என்று கேட்டார் மருதமுத்து. எல்லையைக் காக்கிறது என்றார் அமைச்சர். எல்லை இல்லாமல் எப்படி? சந்து முனையில் இரண்டு தார்ப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பைப் போட்டோம். கேள்வி கேட்கக் கேட்க நாடு வளர்ந்துகொண்டே போனது. சைக்கிள்காரர்கள் இறங்கிச் சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து போனார்கள், குழந்தைகள் தொங்கி விளையாடினார்கள், யாருக்கும் பெரிய தொல்லை இல்லை.

தொல்லை என் தங்கை சந்திரமதிக்கு வந்தது. புருஷன் இல்லாதவள். ஒரே மகள் கோகிலா. அவளுக்கு ஆயர் குரோவில் நல்ல இடம் அமைந்து, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறித்தாயிற்று. பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். வீட்டு வாசலிலேயே பந்தல்.

"அண்ணே, மாப்பிள்ளை ஏறி வர்ற காடி எப்படி உள்ளே வரும்? அந்தக் கம்ப எடுத்துப் போடச் சொல்லுங்க."

"எடுக்கலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றேன்.

முறைப்படி கேள்வியை நானே எழுதி மருதமுத்துவிடம் கொடுத்தேன். அவரும் கேட்டார்.

"திருமணத்தன்று எல்லைக் கம்பு தூக்கப்படுமா?"

"எந்த நாளில் கம்பு தூக்கப்படும் என்பதை முன்கூட்டிச் சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடும்."

"எதிரி யார்?"

"அதைச் சொன்னால், தான் எதிரி என்பது அவருக்குத் தெரிந்துவிடும்."

"அப்படியானால் கல்யாணக் காடி எப்படி வரும்?"

"மாண்புமிகு உறுப்பினர் கற்பனையாகக் கேட்கிறார். கல்யாணம் இன்னும் நடக்கவே இல்லை."

இதையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி, வீட்டுக்குப் போய்த் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து கேட்டாள்.

"இது பதிலாண்ணே?"

"ரொம்ப நல்ல பதில். கோலாலம்பூர்ல கூட இப்படிச் சொல்ல மாட்டாங்க."

அவள் திரும்பிப் போய் அடுப்பை ஊதினாள். ஒரு கைத் தள்ளலில் கம்பு கீழே விழுந்திருக்கும். எனக்கும் இரண்டு கைகள் இருந்தன. ஆனால் செயலாளரே சட்டத்தை மீறலாமா என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கல்யாணத்தன்று ஒன்பதே முக்காலுக்கு ஆயர் குரோவிலிருந்து இரண்டு வாடகைக் காடிகள் வந்து கம்புக்கு முன் நின்றன. முதல் காடியை ஓட்டி வந்தவர் கபீர் என்று ஒருவர். எங்கள் பக்கத்து ஆள் இல்லை. தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, கம்ப கொஞ்சம் தூக்குங்க லா."

அப்பாசாமி சல்யூட் அடித்தார். "தூக்கலாம். உத்தரவு வேணும்."

"யாரு உத்தரவு?"

"அமைச்சர் உத்தரவு."

"அமைச்சர் எங்க இருக்காரு?"

அப்பாசாமி பக்கத்தில் காட்டினார். கலியாணசுந்தரம் பன்னீர்ச் செம்போடு, வருகிறவர்களுக்குத் தெளிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"அவையில் சொன்ன பதிலைச் சடக்கில், நடுத்தெருவில் நின்று மாற்ற முடியாது" என்றார் அமைச்சர். "இன்று கல்யாணத்துக்காக அவைக்கு விடுமுறை. அவசரக் கூட்டம்தான் கூட்ட வேண்டும்."

மாப்பிள்ளை இறங்கிக் கம்புக்குக் கீழே குனிந்து வந்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை காடியை விட்டு இறங்கிவிட்டார்.

"எங்க புள்ள தலை குனிஞ்சு பொண்ணு வீட்டுக்குள்ள வரணுமா? நாளைக்கு ஆயர் குரோவில நாங்க எப்படி நடமாடறது?"

நியாயமான பேச்சு. எங்கள் பக்கத்திலேயே பல பேர் தலையாட்டினார்கள். தாண்டி வரலாம் என்றால் பட்டு வேட்டி இடம் கொடுக்காது.

வேறு வழியில்லாமல் அவை கூட்டப்பட்டது. பந்தலில் கிடந்த நாற்காலிகள் ராஜரத்தினத்துடையவை என்பதால் அத்தனையும் மண்டபத்துக்குப் போயின. விருந்தாளிகள் நின்றார்கள். நானும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்திரமதி என் சட்டையைப் பிடித்தாள்.

"நீங்க போகாதீங்கண்ணே. மாலை எடுத்துக் குடுக்கத் தாய்மாமன் நிக்கணும்."

"அஞ்சு நிமிஷந்தான்மா. நான் இல்லாம குறிப்பு யார் எழுதறது?"

போனேன். பிரதமர் தீர்மானத்தை முன்மொழிந்தார். ஒரு காடிக்கு மட்டும் தூக்குவதா, இரண்டுக்குமா என்று மருதமுத்து விளக்கம் கேட்டார். இரண்டாவது காடியில் இருப்பவர்கள் யார் என்பது ஆராயப்பட வேண்டும் என்றார் அமைச்சர். சமையல்காரர்கள் என்றார் ஒருவர். சமையல்காரர்கள் வேடத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார் அமைச்சர். தூக்கும்போது படை மரியாதை உண்டா என்று ஒரு திருத்தம், எத்தனை அடி உயரம் என்று இன்னொரு திருத்தம். நான் தலை நிமிராமல் எழுதினேன். அன்றைக்குப் போல் என் கையெழுத்து என்றும் அமைந்ததில்லை. பத்து இருபத்தெட்டுக்கு வாக்கெடுப்பு. ஆதரவு இருபத்தொன்று, எதிர்ப்பு இல்லை, நடுநிலை ஒன்று. அந்த நடுநிலை நான். செயலாளர் ஒரு பக்கம் சாயக்கூடாது.

தீர்மானத்தோடு வெளியே ஓடினோம். கம்பு இருந்தது. அப்பாசாமி இருந்தார். காடிகள் இல்லை.

"யாரும் உள்ள வரலை சார்" என்றார் அப்பாசாமி, விறைப்பாக.

"பொண்ணு எங்கய்யா?"

"பொண்ணு வெளிய போயிருச்சு சார். வெளிய போறவங்களத் தடுக்க உத்தரவு இல்ல."

நடந்தது இதுதான். பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் கோகிலா மணையை விட்டு எழுந்து நேரே கம்புக்கு வந்திருக்கிறாள். "இப்படிப் போலாமா?" என்று சந்திரமதி பதறியபோது, "தலை குனிஞ்சு நடக்கிறதுதான் பொண்ணுக்கு அழகுன்னு இத்தனை வருசமாச் சொன்னீங்களேம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். பின்னாலேயே தங்கை குனிந்தாள், தாலித் தட்டோடு பூசை செய்யும் பண்டாரம் குனிந்தார், சந்துப் பெண்கள் அத்தனை பேரும் குனிந்தார்கள். பெரிய சடக்கில் இருக்கிற மாரியம்மன் கோயில் வாசலில் பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. தாய்மாமன் எங்கே என்று பண்டாரம் கேட்டிருக்கிறார். காடி ஓரமாக நின்றிருந்த கபீரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் இப்படி வந்து மாலையை எடுத்துக் குடுங்க" என்று சந்திரமதி கேட்டிருக்கிறாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மரியாதையாக மாலையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

நிறைவேறிய தீர்மானத்தைச் செயல்படுத்தாமல் விட முடியாது. படை வரிசையில் நின்று, கம்பை மேலும் மூன்றடி உயரத் தூக்கி, மரியாதை செலுத்தி, மறுபடி இறக்கியது. பிறகு எல்லாரும் போய்ச் சாப்பிட்டோம். சாம்பார் நன்றாக இருந்தது என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மருதமுத்து கேட்டார்: "படை காவல் இருக்கும்போதே ஒரு கல்யாணம் எல்லையைக் கடந்து போனது உண்மையா?"

"கடந்தபோது கம்பு ஓர் அங்குலமும் அசையவில்லை" என்றார் கலியாணசுந்தரம். "நம் தற்காப்புக் கொள்கை முழு வெற்றி."

"தாய்மாமன் கல்யாணத்தில் இல்லை என்று பேச்சு அடிபடுகிறதே?"

"தாய்மாமன் நானூறு கஜத்துக்குள் கடமையில் இருந்தார். அது இருந்ததற்குச் சமம்."

அதையும் தீர்மானமாகவே போட்டார்கள். மாண்புமிகு செயலாளர் கல்யாணத்தில் இருந்தார் என்று அவை ஏகமனதாக முடிவு செய்தது. இந்த முறை நான் நடுநிலை வகிக்கவில்லை. முதல் ஆளாகக் கை தூக்கினேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் ஆயர் குரோவில் கோகிலாவுக்கு வளைகாப்பு. சந்திரமதி முறையாக வந்து அழைக்கவில்லை, சொல்லி அனுப்பினாள். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் நல்ல கண்ணாடி வளையலாகப் பார்த்து இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போனேன். கூடத்தில் கோகிலாவுக்குப் பக்கத்தில், தாய்மாமனுக்குப் போடும் பாயில் கபீர் உட்கார்ந்திருந்தார். "கபீர் மாமாவுக்கு முதல்ல கோப்பி குடுங்க" என்று கோகிலா உள்ளே பார்த்துச் சொன்னாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கபீர்தான் எழுந்தார். நல்ல மனுஷர். பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"வாங்கண்ணே, உட்காருங்க. பொண்ணுக்கு நீங்க என்ன முறை வேணும்?"

வாயைத் திறந்தேன்.

"நான் நாடாளுமன்றச் செயலாளருங்க" என்றேன்.