ஒரு நாற்காலியும் நாற்பத்தொரு சீட்டுகளும்

அன்பிலும் மரியாதையிலும் என்றும் குறைவைக்காத மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் முழங்கால் உட்படச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அன்போடு அனுப்பிய பேனா வந்து சேர்ந்தது. அதில்தான் எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறது, குற்றம் சொல்வதற்கில்லை.

போன கடிதத்தில் நான் சலவை நிலையத்தின் மேற்பார்வையாளர் ஆகிவிட்டதாக எழுதியிருந்தேன். அதற்காகத்தான் நீங்கள் பேனா அனுப்பினீர்கள். அதில் ஒரு சிறு திருத்தம். நான் ஆகவில்லை. ஆகப்போகிறேன் என்று எழுதவேண்டிய இடத்தில் அவசரப்பட்டு ஆகிவிட்டேன் என்று எழுதிவிட்டேன். பிறகு ஆகப்போவதும் இல்லை என்றாகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. நடந்ததை நடந்தபடி, வேறு யாருக்கோ நடந்ததுபோல எழுதுகிறேன். நீங்கள் இதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியிருப்பீர்கள். எந்த வரிசையில் சொன்னீர்களோ அதே வரிசையில் இல்லையென்று சொல்லிவிட்டால் போதும், புதிதாக யாரையும் சேர்க்க வேண்டாம்.

அந்தப் பதவிக்கு நான் ஆசைப்பட்டது பதவிக்காக இல்லை மச்சான், நாற்காலிக்காக. எங்கள் இடம் உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துவைத்துக் கொடுக்கிறோம். எட்டுப் பெரிய மெஷின்கள், ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் சூடாகத் தள்ளிவிடுகிற இரண்டு உருளைகள், கறை எடுக்கும் அறை, பாய்லர், கடைசியில் நீளமான மடிப்பு மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் உங்கள் தங்கையும் பத்தொன்பது வருஷமாக நிற்கிறோம். நிற்கிறோம் என்பதைக் கவனிக்கவும். அவ்வளவு பெரிய கூடத்தில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேற்பார்வையாளருக்கு. பழையவர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அது சும்மா கிடந்தது. போன மாதம் என் முழங்காலை அமுக்கிப் பார்த்த டாக்டர், "இனிமே உக்காந்து பாக்கற வேலையா தேடிக்கங்க" என்றார். இந்த வயதில் வேறு எங்கே போய்த் தேடுவது? தேடவேண்டிய பொருள் பன்னிரண்டு அடி தள்ளிச் சுவரோரமாகக் கிடந்தது.

எங்கள் மேலாளர் இளவயதுக்காரர். மாதம் ஒரு பயிற்சிக்குப் போவார், வரும்போது ஏதாவது கொண்டுவருவார். அதனால் அவருக்கே பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டோம். இந்தத் தடவை ஒரு மரப்பெட்டியோடு வந்தார். மேலே நீளமாக ஒரு ஓட்டை, முன்னால் ஒரு பூட்டு. "உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அறிவு இருக்கு. அத இதுக்குள்ள போடுங்க. ஒரு மாசம் கழிச்சுத் தொறப்போம். யாரோடது வேலைக்கு உதவுதோ அவங்கதான் அடுத்த மேற்பார்வையாளர்" என்றார். "எல்லாத்தையும் இதுல போட்டுட்டா வீட்டுக்கு என்னத்தக் கொண்டுபோறதாம்?" என்று உங்கள் தங்கை என்னிடம் மெதுவாகக் கேட்டாள். என் கண் முழுக்க நாற்காலி மேல் இருந்தது.

எங்கள் கூடத்தில் நான்கு மொழிக்காரர்கள் இருக்கிறோம். எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கலப்பு மொழி உண்டு. மொத்தம் இருநூறு சொல் தேறும், அதில் பாதி சோப்பைப் பற்றியது. அறிவுக்கு அதில் சொல் கிடையாது, இத்தனை வருஷம் தேவைப்படவில்லை; பயிற்சியும் நெற்றியைத் தட்டித்தான் காட்டியிருந்தார். ஆகவே பெட்டி மேல் அந்தச் சொல்லை நான்கு மொழியிலும் எழுதுங்கள், மொழிக்கு ஒருவர் வாருங்கள் என்று பயிற்சி உத்தரவு போட்டார். தமிழுக்கு நான்தான் என்று யாரும் சொல்வதற்கு முன்பே முன்னால் போய் நின்றேன். நின்ற பிறகுதான் தலைவலி. அறிவு என்று எழுதலாமா என்றால், நம் ஆட்கள் 'அறிவிருக்கா' என்று திட்டுவதற்குத் தவிர வேறு எதற்கும் அந்தச் சொல்லை வாயில் எடுத்து நான் கேட்டதில்லை. இருப்பவனைப் பார்த்து, அப்பா உனக்கு அறிவிருக்கிறது என்று யார் சொல்கிறார்கள்? ஞானம் என்று எழுதினால் பெட்டி முன்னால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் புத்தி என்று எழுதினேன். அதுதான் நமக்குப் பழக்கமான சரக்கு. வரும், போகும், மழுங்கும், கெட்டுப்போகும், சில சமயம் மேயப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் அதை வைத்துக்கொள்வதில்லை மச்சான், சொல்லிவிடுகிறோம். 'புத்தி சொன்னேன்' என்கிறோமே, அதுதான். எதிரே ஒரு ஆள் இருந்தால் போதும்.

மற்றவர்களும் எழுதினார்கள். எழுதும்போது உங்கள் மொழியில் அது எங்கிருந்து வந்த சொல் என்று சும்மா விசாரித்து வைத்தேன். கறைக்காரர் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார். "எங்க மொழியில அறிவாளின்னா ருசி தெரிஞ்சவன். வாயில வச்சதும் இது இன்னதுன்னு தெரியணும்" என்றார். மெக்கானிக் உள்ளங்கையை விரித்தார். அவர்கள் மொழியில் அந்தச் சொல் முதன்முதலில் தச்சனுக்குத்தான் இருந்ததாம், உளி வழுக்காத கைக்கு. "அப்புறம் பேசறவங்களும் அத எடுத்துக்கிட்டாங்க" என்றார், என்னை ஏன் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நான்காவது ஆள் ஒரு அம்மா. நாலாம் நம்பர் மெஷினில் துணி போட்டு எடுப்பவர், நாங்கள் கூப்பிடுவதும் நாலாம் நம்பர் என்றுதான். ஆறு வருஷத்தில் அவர் பேசி நான் கேட்டது பத்து வார்த்தை இருக்கும். அவர் காதைத் தொட்டார். திறந்த காது உள்ளவர் என்று அர்த்தமாம். இது என்னடா சோம்பேறித்தனமான அறிவு என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு அடி தூரத்தை நடந்து முடித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. அன்று மாலைதான் உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

அந்த ஒரு மாதத்தில் நாற்பத்தொரு சீட்டு எழுதிப் போட்டேன். உருளைக்காரர்கள் வேலையில் கொட்டாவி விடக் கூடாது, தள்ளுவண்டிக்காரர்கள் வளைவில் குரல் கொடுக்க வேண்டும், பாய்லர் பக்கம் இருப்பவர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வரக் கூடாது, எல்லாரும் காலையில் வெந்நீர் குடிக்க வேண்டும். எனக்கே படித்துப் பார்க்க நன்றாக இருந்தது. உங்கள் தங்கை, "ஏங்க, இதுல உங்களுக்குன்னு ஒண்ணு கூட இல்லையே?" என்றாள். எனக்கு எதற்கு? நான்தான் சொல்கிறவன் ஆயிற்றே.

பெட்டியைத் திறந்த நாள். மெஷின்களை நிறுத்த முடியாது, ஆஸ்பத்திரித் துணி; அதனால் அது பாட்டுக்கு ஓட, எல்லாரையும் மடிப்பு மேசையைச் சுற்றி நிற்கவைத்துப் பயிற்சி பூட்டைத் திறந்தார். முதலில் ஒரு சின்னக் குப்பி வந்தது. கறைக்காரர் போட்டது. கடைசி அலசல் தண்ணீராம். "நாக்குல வச்சுப் பாருங்க, சோப்பு போகல. நோயாளி உடம்பு அரிக்கும்" என்றார். பயிற்சி எல்லார் முன்னாலும் நாக்கில் வைத்தார், அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை அவருக்கு விக்கல். அடுத்து ஒரு வளைந்த கம்பி. அது என்ன, எதற்கு என்று மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகப் போய் ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தில் மாட்டினார், வண்டி நின்றது. வளைவில் வந்து எங்கள் கணுக்காலைப் பதம்பார்க்கிற அதே வண்டிதான். நாலாம் நம்பர் மொழிக்காரர்களிடமிருந்து ஒன்றுமே இல்லை. "ஏம்மா, நீங்க எதுவும் போடலையா?" என்று பயிற்சி விக்கலோடு கேட்டார். அந்த அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாய்தான் இருக்கு, காது இல்லையே" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் மிச்சப் பெட்டி முழுக்க நம் சீட்டுகள். பதினொரு தமிழர்கள், அறுபத்து மூன்று சீட்டுகள். எல்லாமே அடுத்தவருக்குச் சொன்ன புத்தி.

பயிற்சிக்குத் தமிழ் தெரியாது. நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கொடுத்தார். கலப்பு மொழியில் சொல் போதாது, கையைக் காலை ஆட்டி ஒவ்வொன்றாக விளக்கினேன். மெஷின் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாது என்று குரலை வேறு உயர்த்திக்கொண்டேன். நடுவில் ஒரு சீட்டு. "மடிப்பு மேசையில் இருப்பவர் பேச்சைக் குறைத்தால் ஒரு நாளைக்கு முப்பது விரிப்பு கூடுதலாக மடியும்." கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் தினம் பார்க்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் தங்கை ஒரு தலையணை உறையை மிகுந்த கவனத்தோடு மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பொதுவான ஒரு வாழ்த்து என்று மொழிபெயர்த்துவிட்டு மேலே போனேன்.

இருபத்தேழாவது சீட்டு என்னுடையது. மெஷின் ஓடும்போது கவனம் சிதறக் கூடாது என்பதைப் பற்றியது. அதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்கிக்கொண்டிருந்தேன், அப்போது நாலாம் நம்பர் அம்மா கையை உயர்த்தினார். கேள்வி கேட்கிறார் என்று நினைத்து, "கடைசியில கேளுங்கம்மா" என்றேன். அவர் கேட்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார், தன் மெஷினின் சிவப்புப் பொத்தானை ஓங்கி ஒரு அடி அடித்தார். எல்லாரும் திகைத்து நிற்க, மெக்கானிக் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்து, வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பேரிங் விரிந்து பிளந்திருந்ததாம். இன்னும் ரெண்டு நிமிஷம் சுற்றியிருந்தால் ஈரத் துணியோடு உள்ளே சுற்றுகிற பெரிய டிரம் கழன்று நேரே வந்திருக்குமாம். நேரே என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் கையை நீட்டினார். நான் நின்ற இடம். எனக்குப் பக்கத்தில் உங்கள் தங்கை.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது மச்சான். மற்றதெல்லாம் யாருக்கோ நடந்ததுபோல எழுதிவிட்டேன், இதை மட்டும் அப்படி எழுத வரவில்லை. அவள் கையில் அந்தத் தலையணை உறை இன்னும் இருந்தது. மடித்து முடித்திருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பயிற்சி கேட்டதற்கு அந்த அம்மா, "மூணு நாளா அது வேற மாதிரி பேசுது. இன்னைக்கு இவர் சத்தத்துல கொஞ்சம் லேட்டாத்தான் கேட்டுச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். பயிற்சி அங்கேயே அவரை மேற்பார்வையாளர் ஆக்கினார். முப்பத்தாறு சீட்டு படிக்காமல் மிச்சம் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஆனால் நாற்காலி இருக்கிறதே, அதில் அந்த அம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் காலுக்குக் கேட்காதாம், தரை வழியாகத்தான் மெஷின் முதலில் பேசுமாம். மறுநாள் காலையில் நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கம் மேசையோரமாகப் போட்டார். என் முழங்காலைக் காட்டினார். பிறகு விரலை வாயில் வைத்துக் காட்டினார். உட்காரலாம், பேசக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

இன்றோடு நான்கு நாள் ஆகிறது. உட்கார்ந்தபடியே மடிக்கிறேன், வாயைத் திறப்பதில்லை. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் தங்கை கணக்குப்படி ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு விரிப்பு கூடியிருக்கிறது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேனே, எதற்காக என்று யோசித்துப் பார்க்கிறேன். இனிமேல் யாருக்கும் எதுவும் சொல்வதாக இல்லை. கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் தேநீர் இடைவேளையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, இரண்டிலும் சேராதவர்களுக்கு விசாரிப்பு. அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: உறையில் போடப்போகும் நேரத்தில் பயிற்சி வந்தார். விரிப்பை மூன்றே அசைவில் மடிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தாராம், மேசை முன்னால் நின்று எங்களுக்குக் காட்டினார். தைத்த ஓரத்தை வெளியே வைத்தார். ஒரு மூலை தரையில் இழுபட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, வேணாங்க" என்றாள். மச்சான், நான் எழுந்து "சார்" என்றுதான் சொன்னேன். அப்புறம் மணியைப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. விரிப்பில் ஆரம்பித்து, காலையில் வெந்நீர், வேலையில் பொறுமை எல்லாம் தாண்டி, அவர் எந்த மாதிரிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதுவரை வந்திருந்தேன். நாலாம் நம்பர் அம்மாவும் வந்து நின்று முழுவதையும் கேட்டார். முடித்துவிட்டு உட்காரலாம் என்று திரும்பினால் நாற்காலி இல்லை. கறை அறையில் இருக்கிறது, கறைக்காரர் அதில் உட்கார்ந்து தண்ணீரை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே மேலே, பேசுவதில்லை என்று எழுதிய இடத்தையும் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதிய இடத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது. பயிற்சி இப்போது விரிப்பை ஒழுங்காக மடிக்கிறார்.