பாத்ரூமுக்குள் போன ரசம் சோறு

திருப்பூரில் வசிக்கும் மதிப்புக்குரிய அண்ணன் பால்பாண்டி அவர்களுக்கு, பழனிசெட்டிபட்டியிலிருந்து தங்கை முத்துலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நல்ல சுகம் என்று நம்புகிறேன். சுகமாகத்தான் இருப்பீர்கள், மெஷினை என் வீட்டில் அல்லவா விட்டுவிட்டுப் போனீர்கள். போனில் சொன்னால் "சரி விடு தாயி" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். கடைசி வரை படிக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் மச்சான் கையில் டிரில்லிங் மெஷினைக் கொடுத்து, "வீட்டு வேலைய நாமளே பாத்தா எம்புட்டு மிச்சம் தெரியுமா மச்சான்" என்று ஓதிவிட்டுப் போனீர்களே, ரிட்டயர் ஆன மனுஷனிடம் கொடுக்கிற சாமானா அது? காலையில் காபி குடித்த கையோடு செல்போனில் எவனோ ஓட்டை போடுகிற வீடியோவைப் பார்ப்பது, பார்த்து முடித்ததும் நம் சுவரில் போடுவது, இதே பிழைப்பாகப் போயிற்று. சட்டை மாட்டுவதற்கென்று ஹாலில் போட்ட ஓட்டை பூஜை ரூமில் முருகன் படத்துக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கிறது. அடுப்படியில் அவர்கள் மாட்டிய பலகை மறுநாளே மிளகாய்த்தூள் டப்பாவோடு என் தலையில் இறங்கியது. நான் கண்ணெரிச்சலில் கத்துகிறேன், அவர்கள் "செவுத்துல சத்து இல்ல" என்கிறார்கள். நீங்கள் மெஷின் கொடுக்கிற வரைக்கும் அந்தச் சுவர் நன்றாகத்தான் இருந்தது!

அதெல்லாம் போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நம் அபிதாவைப் பெண் பார்க்கக் கூடலூரிலிருந்து வந்தார்கள். பையன் திலீபன் தங்கமான பிள்ளை, போட்டோவிலேயே இவளுக்குப் பிடித்துப்போயிற்று. பாத்ரூம் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டிருக்கிறதே, நாலு பேர் வருகிற இடம், ஆசாரி பலவேசத்தைக் கூப்பிடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஒரு தாழ்ப்பாளுக்கு ஆசாரியா?" என்று இவுகளே புதுசு வாங்கி மாட்டினாக. ஸ்க்ரூ சேரவில்லை என்று பிடியைப் பசை போட்டு ஒட்டியிருக்காக, அதை என்னிடம் மூச்சு விடலை. அபிதா காபி கொடுத்து முடித்ததும் பையனோட அப்பா சின்னச்சாமி பாத்ரூமுக்குப் போனாக. தாழ்ப்பாளைப் போட்டாக. திறக்கும்போது பிடி மட்டும் கையோட வந்திருச்சு, தாழ்ப்பாள் உள்ளயே இறுகிருச்சு. பலவேசத்துக்குப் போன் போட்டால் அவன் வேலை பார்த்துக்கிட்டிருந்தது எங்கன? கூடலூரிலயாம்! "நீங்களே பாத்துக்கிறதாச் சொன்னீகளேம்மா. பஸ் பிடிச்சு வாரேன்" என்றான். கதவை உடைக்கலாம் என்று திலீபன் சொன்னான். "நல்ல கதவுப்பா, ஒடைச்சா செலவு" என்றாக உங்க மச்சான். உள்ளேயிருந்து அவுகளும் "ஆமா, ஒடைக்காதீக" என்றாக.

அதுக்குப் பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் இவுக, பசையைப் பத்தியும் ஸ்க்ரூவைப் பத்தியும் ஒரே பேச்சு. மத்தியானம் தாண்டிருச்சு. உள்ளே இருக்கிறவுகளுக்குச் சுகர். நேரத்துக்குச் சோறும் மாத்திரையும் வேணும். ஆனா சம்மதம் சொல்லாம அவுக ஆளுக பொண்ணு வீட்டில் சோறு தின்ன மாட்டாக, காபியோட சரி. தின்னா பேசி முடிச்சதா அர்த்தம். அவுக வீட்டம்மா ஜக்கம்மா, "இன்னும் ஒரு முடிவும் சொல்லல, அதுக்குள்ள சோறா?" என்று முறைத்தாக. உள்ளேயிருந்து, "ஏத்தா, எனக்குக் கண்ண இருட்டுது, நீ மொற பேசிக்கிட்டிருக்க" என்று சத்தம் வந்துச்சு. உங்க மச்சான் ஸ்டூல் போட்டு ஏறி, வெண்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றி, தூக்குவாளியில் ரசம் சோறும் மாத்திரையும் வைத்துத் துணி காயப்போடுற கயிற்றைக் கட்டி உள்ளே இறக்கினாக. ரெண்டாந்தரம் சின்னச்சாமி ரசம் மட்டும் கேட்டு வாங்கினாக.

பலவேசம் வந்து கதவைத் திறந்துவிட்டதும் ஜக்கம்மா புருஷனை ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப் போயிட்டாக. "போயிட்டு வாரோம்"னு கூடச் சொல்லலை. அன்றையிலிருந்து போன் இல்லை. சம்பந்தம் பேச வந்த மனுஷனைப் பாத்ரூமில் உட்கார வைத்துச் சோறு போட்ட வீட்டில் எவன் பெண் எடுப்பான்? பிள்ளை அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். எனக்கு வயிறு எரியுது அண்ணே. அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு வாங்க, இல்லைன்னா தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு என் வாசலை மிதிக்க வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் உங்கள் பேருக்கும் ஒரு எள் விளக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
தங்கை முத்துலட்சுமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கூடலூரிலிருந்து போன். சின்னச்சாமியே பேசினாக. "ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னு எந்திரிச்சாச்சு, இனி வேற பேச்சே இல்ல தாயி. ஜக்கம்மாதான் இத்தன நாளா மொறச்சுக்கிட்டு இருந்தா, இப்ப அவளும் சரின்னுட்டா" என்றாக. வெள்ளிக்கிழமை உறுதி பண்ண வாராக. அபிதா சிரிக்கிறா. கல்யாணப் பந்தலை ஆள் வைக்காமல் அவுகளும் உங்க மச்சானுமே போடப்போறாகளாம், அன்னைக்கே கதவுக்கு ரெண்டு பக்கமும் நின்னு முடிவு பண்ணிட்டாகளாம். ஒரு மெஷின் பத்தாதாம். அதனால தாய்மாமன் சீர்த் தட்டில் பூ பழத்தோட அதே மாதிரி இன்னொன்னு வச்சுக் கொண்டாங்கண்ணே.